எட்டாம் வகுப்பு, ஒன்பது இருபது

கொலக்கம்பை மினி பஸ்
மூடுபனியில் எங்கோ நிற்கிறது,
தமிழ் டீச்சர் அதற்குள் இருக்கிறார்.
ஆனாலும் ஒன்பது இருபதுக்குப் பயிற்சி தொடங்கிவிடும்.
நாளுக்கு ஒரு வாக்கியம், பத்தே நிமிடம்.
வருகைப்பதிவில் யார் முறையோ அவர்கள் கொண்டுவர வேண்டும்,
வீட்டில் கேட்டதோ வழியில் பார்த்ததோ.
புத்தகத்தில் இருப்பது மட்டும் கூடாது.

திங்களன்று பெர்னாட்:
'காட்டெருமை முட்டைகோஸ் தோட்டத்தில் புகுந்தது.'
முட்டைக்கும் கோசுக்கும் நடுவில்
ஒரு க் வருமா வராதா என்று
ஏழு நிமிடம் சண்டை.
அதற்குள் எருமை பாதித் தோட்டத்தை முடித்திருக்கும்.

செவ்வாய், லிங்கன். வீட்டில் படுகு பேசுகிறவன்.
'நேற்று மலை பெய்தது.'
யாரும் எழுந்து போய்த் திருத்தவில்லை.
ஜன்னலுக்கு வெளியே எதிர்ச்சரிவு
கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து
பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.
கடைசியில் தவசீலிதான் போனாள்.
ல-வை அழித்து ழ போட்டுவிட்டு
ஏதோ உடைத்துவிட்டவள் போல வந்து உட்கார்ந்தாள்.

இன்று எத்வாரி.
ஜார்க்கண்டிலிருந்து வந்து மூன்று வருடம்.
ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் அந்தப் பெயராம்,
ஒரு நாளும் லீவு போடாத ஞாயிற்றுக்கிழமை.
ஒற்று எங்கே மிகும் என்று
நாங்கள் காதால் கேட்டுச் சொல்வோம், தப்பாகும்.
அவள் விதி சொல்வாள், தப்பாகாது.

எழுதினாள்:
'தொழிலாளர் ஒன்பது பேர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டனர்.'

ஃபாக்டரி கேட்டில் ஒட்டியிருந்தது.
அங்கே சாய்ந்திருந்தபடியே இங்கும் சாய்த்து,
ழி-யின் சுழியை அங்கே போலவே மேலே இழுத்து,
எழுதினாள் என்பதைவிட
வரைந்தாள் என்று சொல்லலாம்.

ஒற்று சரி. பன்மை சரி. திணை சரி.
பிழை இல்லையென்றால் வாக்கியத்தைத் திருப்ப வேண்டும்:
செயப்பாட்டுவினையைச் செய்வினை ஆக்கு.

பெர்னாட் சாக்பீஸை வாங்கினான்.
முதலில் ஒரு கோடு, வெற்றிடம்.
பிறகு 'ஒன்பது பேரைப் பணியிலிருந்து நிறுத்தி'
அதற்கு மேல் கை போகவில்லை.
நிறுத்தினார் என்றால் ஒருவர்.
நிறுத்தினர் என்றால் பலர்.
நிறுத்தியது என்றால் மனிதரே இல்லை.
யார் என்று தெரியாமல்
தமிழில் ஒரு வினையை முடிக்க முடியாது.

மேனேஜர், என்றாள் தவசீலி.
இலை பறிக்கிற மிஷின், என்றான் லிங்கன்,
போன மாசம் நாலு வந்திருக்கு.
தேயிலை விலை, என்றது பின்பெஞ்சு.
மழை. கம்பெனி. கோயம்புத்தூரில் யாரோ.
ஒவ்வொன்றுக்கும் வினைமுற்று மாறியது,
பலகையில் பொடி பறந்தது.

தோன்றா எழுவாய்னு விட்டுடலாமே,
என்றான் பெர்னாட்.

எத்வாரி தலையசைத்தாள்.
தோன்றா எழுவாய்னா விகுதி காட்டிக் கொடுக்கும்.
வந்தாய்னா நீ. வந்தேன்னா நான்.
இதுல விகுதி ஒன்பது பேரைத்தான் காட்டுது.

ஒன்பதில் இரண்டு பேர் அவள் வீட்டில்.
அதை அவள் சொல்லவில்லை,
எல்லோருக்கும் தெரியும்.

மணி அடித்தது. கணக்கு சார் வந்து
பலகையில் பாதியை அழித்தார்.
கோடு மட்டும் மேல் மூலையில் மிச்சம்.
பகல் முழுக்க அதன் கீழே பின்னங்கள் வகுபட்டன.

நாளை என் முறை.
அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.
ழி-யின் சுழியை அப்படி இழுப்பவர்
எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.
ஆபீஸில் ரைட்டர்.
சொன்னதை எழுதுகிற வேலை.
நேற்று இரவு சோற்றைப் பிசைந்து பிசைந்து
அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

ரஃப் நோட்டில் எழுதிப் பார்க்கிறேன்:
'அப்பா நோட்டீஸ் எழுதினார்.'
திருப்பிப் பார்க்கிறேன்:
'நோட்டீஸ் அப்பாவால் எழுதப்பட்டது.'

திருப்பினாலும் அவர் போகவில்லை.
ஓர் 'ஆல்' ஒட்டிக்கொண்டு
நடுவில் வந்து நிற்கிறார்.
அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டாலும்
வாக்கியம் சரியாகத்தான் இருக்கும்.
யாரும் பிழை சொல்ல மாட்டார்கள்.

ஒன்பது இருபதுக்கு இன்னும்
பதினோரு மணி நேரம் இருக்கிறது.